உணரி இல்லாமல் வேகம் அறிதல்

கோப்பாயிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பளையில் காற்றாடிகளைப் பார்த்தேன். உள்ளே சுழலி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று எப்படித் தெரியும்?" 2014இல் எழுந்த இரண்டு காற்றாலைகள் அங்கே உள்ளன.

அச்சில் ஓர் உணரியைப் பூட்டலாம். ஆனால் தூசியும் உப்புக்காற்றும் முதலில் தின்பது அதைத்தான். ஆகவே, மின்பிறப்பாக்கியிலிருந்து வெளியே வரும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மட்டும் அளந்து சுழலியின் வேகத்தையும் கோணத்தையும் கணக்கிடும் முறை ஒன்று உண்டு.

இதன் அடிப்படை எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். மிதிப்பவர் களைத்தால், வானொலி இரைச்சலின் சுருதி இறங்குவதை வைத்தே உள்ளே இருப்பவருக்கு விளங்கிவிடும். வேகம் அலையிலேயே எழுதியிருக்கிறது: இரண்டு சோடி முனைவுகள் கொண்ட ஒத்தியங்கு இயந்திரம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றினால், செக்கனுக்கு 50 அலைகள்.

சுமை ஏறினால் கணக்குச் சிக்கலாகும். சுருளின் தடையும் தூண்டலும் அழுத்தத்தில் ஒரு பங்கை விழுங்கும். அதைக் கூட்டிச் சேர்த்தால்தான் உண்மையான மின்னியக்க விசை கிடைக்கும். செம்பு சூடேறினால் அதன் தடை பாகைக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், கணிப்பும் பிசகும்.

என்னை மிகவும் கவர்வது, சுழலி அசையாமல் நிற்கும் நிலை. அப்போது அலையே இல்லை. கணக்குக்குக் கண் தெரியாது. மின்பிறப்பாக்கியே மோட்டராகி எஞ்சினைக் கிளப்ப வேண்டிய இடங்களில் இது பெரிய தலையிடி. அதற்குப் பொறியியலாளர் கண்ட வழி: உயர் மீடிறன் கொண்ட சிறு அழுத்தமொன்றைச் சுருளுக்குள் செலுத்துவது. சுழலியின் இரும்பு எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி இல்லாவிட்டால், திசைக்குத் திசை தூண்டல் மாறும். திரும்பிவரும் மின்னோட்டம் கோணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் வடமுனை எது, தென்முனை எது என்று தெரியாது! பலமான துடிப்பொன்றை அனுப்பி, இரும்பு எந்தப் பக்கம் காந்தத்தால் நிரம்புகிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

இதற்குத் தேவைப்படும் சைன், கோசைன், காவி எல்லாம் உயர்தரப் பாடத்தில் உள்ளவைதான். எங்கள் பிள்ளைகளோ அவற்றைப் பரீட்சையில் கக்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அலைவுகாட்டி ஆய்வுகூட அலுமாரியில் பூட்டிக்கிடக்கிறது. பழுதாகிவிடுமாம். பாவிக்காமல் வைத்தாலும் அது பழுதாகத்தான் போகிறது. ஆசிரியர்களே, அலுமாரியைத் திறந்துவிடுங்கள். சிறு காந்த மோட்டர் ஒன்றைக் கையால் சுழற்றி அலையைப் பார்க்க ஒரு பாடவேளை போதும்.