ஸ்பேனருக்கு இடம் இருக்கிறது, ரேஷன் கார்டுக்கு?

ஓசூர் சிப்காட்டின் பல தொழிற்சாலைகளில் சுவரோரம் ஒரு பலகை இருக்கும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாம் வரிசையாக அதில் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே அளவில், அதே வடிவத்தில் பெயின்ட் அடித்திருப்பார்கள். 14-ஆம் நம்பர் ஸ்பேனரை யாராவது எடுத்துப்போனால், அதன் உருவம் மட்டும் பலகையில் தனியாகத் தெரியும். எது குறைகிறது என்று கேட்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி நடந்துபோகிறவருக்கே தெரிந்துவிடும்.

அந்தப் பலகையின் முன்னால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர் கம்பெனி பஸ்ஸில் பாகலூர் சாலையிலோ மத்திகிரியிலோ இறங்கி வீட்டுக்குப் போகிறார். அங்கே ரேஷன் கார்டைக் காணோம். பிள்ளையின் ஆதார் கார்டு போன மாதம் பீரோவில் பார்த்த ஞாபகம். வண்டியின் ஆர்.சி. எங்கே என்று கேட்டால் மனைவிதான் சொல்ல வேண்டும். ஒரே ஆள்தான். தொழிற்சாலையில் இருந்த ஒழுங்கு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. இதைச் சோம்பல், பொறுப்பின்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கடந்த நூறு ஆண்டு ஆய்வுகள் காட்டும் காரணம் வேறு. தொழிற்சாலையில் நினைவு வைத்துக்கொள்ளும் வேலையைப் பலகை செய்கிறது. வீட்டில் அந்த வேலை மனிதத் தலைக்குள், பெரும்பாலும் ஒரே ஒரு தலைக்குள் கிடக்கிறது.

ஓசூருக்கு இந்த முறைகள் ஜப்பானிலிருந்து வந்தன. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை இங்கிருந்து சாலைக்கு அனுப்பிய டிவிஎஸ் மோட்டார் நிறுவனம், 2002-இல் தரத்துக்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் 1998-இலேயே அதை வாங்கியிருந்தது; அந்த விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். தேவையற்றதை நீக்கு, இருப்பதற்கு இடம் கொடு, துடைத்து வை, எல்லோரும் ஒரே மாதிரி செய், விடாமல் செய் என்ற ஐந்து படிகளை ‘ஃபைவ் எஸ்’ என்று இங்கே எட்டாவது படித்த ஒப்பந்தத் தொழிலாளிகூடச் சொல்வார். போர்டு போர்டாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் போர்டுகளைவிட, இந்த முறைகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம்தான் வீட்டுக்கு உதவும். அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன ஸ்பிரிங்கின் கதை போதும்.

1961. ஜப்பானில் யமடா எலெக்ட்ரிக் என்ற தொழிற்சாலை. அங்கே தயாரான ஸ்விட்ச் ஒன்றில் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். வேலை மிகச் சுலபம், ஆனாலும் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங் போடாமலேயே ஸ்விட்ச் வெளியே போய்விடும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார். மேற்பார்வையாளர் தொழிலாளர்களைத் திட்டுவார். கொஞ்ச நாள் சரியாக இருக்கும். மறுபடி அதே தவறு. அங்கே போன பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ யாரையும் திட்டவில்லை. ஒரு சின்னத் தட்டை வைக்கச் சொன்னார். வேலையை ஆரம்பிக்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போட வேண்டும். பிறகு ஸ்விட்சைப் பூட்ட வேண்டும். முடிந்ததும் தட்டில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தால், மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். அத்துடன் அந்தப் புகார் நின்றது.

மறதியைத் திட்டி மாற்ற முடியாது, மறந்தது கண்ணுக்குத் தெரியும்படி செய்ய முடியும் என்பதுதான் இதில் உள்ள அறிவியல். வீட்டில் பெரியவருக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை இருக்கும். “போட்டீங்களா?” என்று கேட்டால் அவருக்கே சந்தேகம், போட்டுவிட்டோம் என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு, இரண்டாவது முறை போட்டுக்கொள்வதும் உண்டு. முதல் நாள் இரவே மறுநாளுக்கான மாத்திரைகளை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. கிண்ணம் காலியா என்று பார்த்தால் போதும். ஷிங்கோவின் தட்டும் இதுவும் ஒன்றுதான்.

இன்னொரு ஜப்பானிய முறை நம் சமையலறைக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது. டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ ‘கான்பான்’ முறையை உருவாக்கியபோது அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளிலிருந்து அந்த யோசனையை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அலமாரியில் எது காலியாகிறதோ அதை மட்டும் நிரப்புவது. ஓசூர் தொழிற்சாலைகளில் போல்ட், நட்டுக்கு இரண்டு பெட்டிகள் இருக்கும். முதல் பெட்டி தீர்ந்ததும் காலிப் பெட்டியே ஆர்டர் சீட்டாகப் போகும், இரண்டாவது பெட்டி தீர்வதற்குள் முதலாவது நிறைந்து வந்துவிடும். டபுள் சிலிண்டர் உள்ள வீட்டில் இதைத்தானே செய்கிறார்கள்? ஒன்று தீர்ந்ததும் புக் செய்கிறார்கள், மற்றொன்றில் சமையல் நடக்கிறது. அதே வீட்டில் புளியும் மிளகாய்த்தூளும் சமையலுக்கு நடுவில் தீர்ந்து, பையன் தெருமுனைக் கடைக்கு ஓடுகிறான். மளிகையில் அடிக்கடி தீரும் ஐந்தாறு பொருளுக்கு மட்டும் இரண்டு டப்பா வைத்து, ஒன்று காலியானதும் அதைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தால் மாதச் சாமான் பட்டியல் தானாக எழுதப்பட்டுவிடும்.

காலை நேரத்துக்கு வருவோம். முதல் ஷிஃப்ட் ஆறு மணி. ஐந்தேகாலுக்கு பஸ் பிடிக்க வேண்டிய வீட்டில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஷிங்கோவின் இன்னொரு பெரிய வேலை இங்கே பொருந்துகிறது. 1969-இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. அதை முதலில் தொண்ணூறு நிமிடமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார்கள். மிஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலையையும், மிஷின் ஓடும்போதே செய்து வைத்துக்கொள்ளக்கூடிய வேலையையும் பிரித்ததுதான் சூட்சுமம். முன்பே செய்யக்கூடியதை எல்லாம் முன்பே முடித்துவிட்டார்கள். தமிழ்ச் சமையலறைக்கு இது புதிதில்லை. இட்லி மாவு முதல் நாளே அரைக்கப்படுகிறது, ஏனென்றால் அது புளிக்க வேண்டும். புளிக்க வேண்டிய அவசியம் இல்லாதவற்றை, அதாவது காய் நறுக்குவது, யூனிஃபார்ம் எடுத்து வைப்பது, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்ப்பது, பள்ளி டைரியில் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும் காலைக்கே விட்டுவிடுகிறோம்.

சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிய ஒரு பெண்மணியும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் லிலியன் கில்பிரெத், கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து தொழிலாளர்களின் உடலசைவுகளைப் படம் எடுத்து ஆராய்ந்தவர். 1924-இல் கணவர் இறந்தபோது வீட்டில் பதினொரு பிள்ளைகள். பெண் பொறியாளரை நம்பி வேலை கொடுக்கத் தொழிற்சாலைகள் தயங்கின. அவர் அதே ஆய்வை அடுப்படிக்குக் கொண்டுவந்தார். பொருள்களைச் சரியான இடத்தில் அடுக்கியதும் ஒரு கேக் செய்ய நடக்கும் நடை 281 எட்டிலிருந்து 45 எட்டாகக் குறைந்தது என்று அவருடைய சோதனை காட்டியது. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், ஃபிரிட்ஜ் கதவின் உட்புறத் தட்டுகளும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. வாடகை லைன் வீட்டில் மேடையை இடித்துக் கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் உப்பு டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலும், டம்ளர்களைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலும் வைக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் நேரம் பற்றாது, ஏனென்றால் நம் மனக்கணக்கே தவறு. 1994-இல் கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாள். எல்லாமே கோளாறாகிப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துச் சொன்ன கணக்குக்கூட இதைவிடக் குறைவு. முன்பு எத்தனை நாள் ஆனது என்று பார்க்காமல், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று கற்பனை செய்துதான் மனம் கணக்குப் போடுகிறது. அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். ஒரு நாள் சாலை காலியாக இருந்ததை வைத்து “முக்கால் மணி நேரம்தான்” என்று சொல்லிப் புறப்படுகிறார்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிச் சீருடை மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று மூன்று நாள் போனில் அளந்து பார்த்தால், “பத்து நிமிஷம்” என்று நம்பியது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

ஷிஃப்ட் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல், உடலுக்குள் இருக்கும் கடிகாரம். தமிழகத்தில் இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன். குகை வௌவால்களின் கால உணர்வை ஆராய்ந்த அவருடைய குழு, இரவு பகல் தெரியாத தனி அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆய்வு செய்தது. வெளிச்சமும் கடிகாரமும் இல்லாவிட்டால் மனித உடலின் நாள், 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகவே ஓடுகிறது என்பது உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளின் முடிவு. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது முன்னுக்கு இழுப்பதைவிட எளிது. 1982-இல் சார்லஸ் சைஸ்லர் குழு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாதுத் தொழிற்சாலையின் ஷிஃப்டுகளைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும்படி மாற்றி, சுழற்சியையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்கியது. தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நலமும் கூடின, உற்பத்தியும் கூடியது.

வாராவாரம் ஷிஃப்ட் மாறும் ஓசூரில் இதன் முழுச் சுமையும் ஒற்றை அறை வீட்டின் மேல் விழுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்தவர் வீட்டுக்கு வந்து படுக்கும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள், மிக்ஸி ஓடுகிறது. அந்த வாரம் மட்டும் சட்னியை ஆறு மணிக்கு முன்பே அரைத்துவிடுவதும், ஜன்னலுக்குக் கனமான திரை போடுவதும் சின்ன வசதிகளாகத் தோன்றலாம். பகலில் தூங்குகிறவருக்கு அவை மருந்து.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் முக்கியக் கேள்வி எழுகிறது: இதையெல்லாம் யார் யோசித்துச் செய்வது?

தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அதில் ஈடுபட்டவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடம், ஆண்களின் நேரம் 88 நிமிடம். ஐந்து ஆண்டில் இரண்டுமே கொஞ்சம் குறைந்தன, இடைவெளி அப்படியே நிற்கிறது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. ஓசூர் பக்கத்திலோ, டாடா எலெக்ட்ரானிக்ஸ் முதல் போச்சம்பள்ளியின் ஓலா வரை இளம்பெண்களை நம்பி ஆலைகள் நடக்கின்றன. மைராடா அமைப்பு ஊக்குவித்த ‘மெடோ’ நிறுவனத்தில் கிராமத்துப் பெண்கள் டைட்டன் கைக்கடிகாரங்களின் பட்டைகளைப் பூட்டியிருக்கிறார்கள். நாட்டுக்கே நேரம் காட்டும் கடிகாரத்தைச் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிற பெண்ணுக்குத் தனக்கென்று அரை மணி நேரம் இல்லை என்றால், அது டப்பா அடுக்குவதால் மட்டும் தீராது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெப்பெட்டியும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போகும் தம்பதிகள் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசியதைப் பதிவு செய்தார்கள். வீடு குப்பையாகக் கிடக்கிறது, வேலைகள் பாதியில் நிற்கின்றன என்று பேசிய மனைவிகளுக்கு, நாள் போகப் போகக் குறைய வேண்டிய மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சரியாகக் குறையவில்லை. மூலையில் குவிந்த துணியைப் பார்க்கும்போது அது தன் வேலை என்று யாருக்குத் தோன்றுகிறதோ, அவர் உடம்பு ஓய்வுக்குப் போவதில்லை.

தொழிற்சாலையில் எந்தப் பெட்டிக்கும் ஒரு பெயர் உண்டு. போல்ட் தீர்ந்தால் நிரப்ப வேண்டியவர் யார் என்று எழுதியிருக்கும். அவரை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. வீட்டில் “சொன்னா செய்ய மாட்டேனா?” என்று கேட்கிற கணவர், செய்யும் வேலையை மட்டும் பகிர்கிறார், ஞாபகம் வைத்துச் சொல்லும் வேலையை மனைவியிடமே விட்டுவிடுகிறார். சிலிண்டர் புக் செய்வது, கரன்ட் பில், தண்ணீர் பிடிப்பது, பள்ளி ஃபீஸ், மாமனாரின் மாத்திரைக் கிண்ணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால், அந்த வேலையை நினைப்பதும் அந்தப் பெயருக்கு உரியவருடையதே ஆகிவிடும். பழகக் கொஞ்ச காலம் ஆகும். லண்டனில் ஃபிலிப்பா லாலி நடத்திய ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை.

அடுத்த வார ஷிஃப்ட் தெரிந்த அன்றே பட்டியலையும் திருத்திவிடலாம். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் காலை முழுக்க அப்பா வீட்டில் இருப்பார்; பிள்ளையைக் கிளப்பிப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது அவர் பெயருக்கு. முதல் ஷிஃப்ட் வாரத்தில் மூன்று மணிக்கே வந்துவிடுவார். மாலைத் தண்ணீரும் மறுநாளுக்கான காய் நறுக்குவதும் அவருக்கு. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவருக்குத் தூக்கம் மட்டும். அந்த வாரம் கரன்ட் பில் தேதி வந்தால், அது யாருடையது என்பதையும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.