ஆள் போயாச்சு, இ.எம்.ஐ. மட்டும் ஓடுது!

அமெரிக்காவோட என்.எஃப்.எல். ஃபுட்பால் டீம்களுக்கும் நம்மள மாதிரி பட்ஜெட் தலைவலி உண்டுங்க. 2024-ல ஒரு டீமுக்கான சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர்.

மார்ச்ல ஃப்ரீ ஏஜென்சி: ஒப்பந்தம் முடிஞ்ச வீரர்களை எடுக்கலாம், விலை அதிகம். ஏப்ரல் கடைசியில டிராஃப்ட்: கல்லூரி வீரர்கள், 4 வருஷ ஒப்பந்தம், சம்பளம் குறைவு. அதனால புத்திசாலி டீம், மார்ச்ல அவசர ஓட்டைகளை மட்டும் சின்ன ஒப்பந்தங்களால அடைக்கும். அப்பதான் டிராஃப்ட்ல பதறாம, இருக்கறதுலயே நல்ல ஆளை எடுக்க முடியும்.

சிக்கல் எங்க? சைனிங் போனஸை இப்பவே கொடுத்துட்டு, உச்சவரம்பு கணக்குல 5 வருஷம் வரைக்கும் பிரிச்சு எழுதலாம். அசல் இ.எம்.ஐ.தான்! வீரரை நடுவுல அனுப்பினாலும் மீதித் தொகை கணக்குல நிக்கும். அதுக்குப் பேரு டெட் மணி. 2024-ல ரஸ்ஸல் வில்சனை அனுப்பின டென்வர் பிராங்கோஸ், 2 வருஷத்துல சுமார் 8.5 கோடி டாலர் சுமக்க வேண்டியதாச்சு. அப்போ கைகொடுத்தது, டிராஃப்ட்ல குறைஞ்ச சம்பளத்துக்கு வந்த போ நிக்ஸ்.

வரப்போற இன்க்ரிமென்ட்டை நம்பி இ.எம்.ஐ. போடறீங்களா? ஒரே கேள்வி கேளுங்க: பொருள் பழசான பிறகும் எத்தனை மாசம் கட்டணும்? அதுதான் உங்க டெட் மணி.