போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை: காப்பீட்டு அட்டை தேவையில்லை

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தபோது உங்களில் பலர் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருந்திருப்பீர்கள். அது இங்கே செல்லாது. தேவையும் இல்லை. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் வைத்தியரைப் பார்க்கவும் வார்டில் தங்கவும் கட்டணம் இல்லை. தூள் எனப்படும் ஹெரோயின், ட்ரமடோல் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவற்றுக்கு அடிமையானவருக்கும் இது பொருந்தும். பஸ் செலவுக்கும், கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்க நேர்ந்தால் அதற்கும் மட்டும் கொஞ்சம் பணம் வைத்திருங்கள்.

எங்கே போவது?

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். எதை, எவ்வளவு காலமாகப் பாவிக்கிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார். படுவான்கரையில் குடியேறியவர்கள் கவனிக்க: முன்பு பாதையில் வாவியைக் கடந்த மண்முனைத் துறையில் 2014 முதல் பாலம் இருக்கிறது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய தூர இடங்களில் உள்ளன. புறப்படுமுன் 1927 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926.

நிறுத்தும்போது என்ன நடக்கும்?

ஹெரோயினை நிறுத்திய முதல் நாளிலேயே உடல்வலி, மூக்கொழுகல், வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமின்மை தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்கள் மிகக் கடினமானவை. ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். இது நடிப்பல்ல, நோய். அறையில் பூட்டி வைக்காதீர்கள். வைத்தியர் தரும் மருந்து இந்த வேதனையைக் குறைக்கும்.

மிக ஆபத்தான நேரம் இதன் பிறகுதான். சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. சிகிச்சையிலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். என்ன பாவித்தார் என்பதை வந்தவர்களிடம் சொல்லுங்கள்.

பொலிஸ் பிடிக்குமா?

சிகிச்சை கேட்டுப் போவது குற்றமல்ல. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தானாக விரும்பி வருபவருக்கும் சிகிச்சை பெற வழி செய்கிறது. நீதவானின் கட்டளைப்படி கட்டாயமாக அனுப்பப்படுவது வேறு. அந்த நிலை வருமுன் நீங்களே அழைத்துப் போவது நல்லது.

அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஊர் என்ன சொல்லுமோ என்று மகனை ஒளித்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்குத்தான் நட்டம். மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பினாலும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றே மீண்டிருக்கிறார்கள்.