பட்டியலில் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் உரிமை உண்டு

ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு உதவி கேட்டு அரசுப் பள்ளிக்குப் போகும் பெற்றோரிடம், "மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை. சட்டத்தில் உள்ள இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதைக் காரணம் காட்டிப் பள்ளி கையை விரிக்க முடியாது. இந்தப் பிள்ளைக்குப் பள்ளி செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை.

முதலில் குறைபாட்டைப் பற்றி. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. வளர்ப்பின் கோளாறு அல்ல. கவனம் நிலைக்காதது, உட்கார முடியாத பரபரப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடும் அவசரம் ஆகியவை எல்லாமோ அவற்றில் சிலவோ 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்தால்தான் மருத்துவர்கள் இதை உறுதி செய்கிறார்கள். வீட்டில் சமர்த்தாக இருந்து ஒரே ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் துள்ளும் பிள்ளைக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஓடியாடுகிற பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாகப் பின்தங்கும் பெண் பிள்ளை "கனவு காண்கிறாள்" என்ற பேச்சோடு விடப்படுகிறாள். அவளுக்கும் இதே குறைபாடு இருக்கலாம்.

சட்டத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதன் 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. 2019-இல் தேர்ச்சி தொடர்பான விதி திருத்தப்பட்டபோதும் இந்தப் பாதுகாப்பு அப்படியே நின்றது. ஆகவே "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்று நெருக்குவது, நீக்கத்தைப் பெற்றோர் கையாலேயே செய்ய வைக்கும் வேலை. டி.சி. கேட்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 17-ஆம் பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. நாள்தோறும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் மற்ற பிள்ளைகள் முன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மனத் துன்புறுத்தல்தான். மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் வழி அடைபடவில்லை. ஒருவரின் மனநலக் குறைபாடு போன்ற நீண்டகாலக் குறைபாட்டோடு தடைகளும் சேர்ந்து சமமான பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்பதே அதன் பொது வரையறை. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதியைக் கல்வி நிலையங்கள் செய்துதர வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வரையறையைக் காட்டி வாதிட இடமுண்டு. அரசின் சொந்தத் திட்டமே இந்தக் குறைபாட்டை அறிந்திருக்கிறது: 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பரிசோதிக்கும் நிலைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. சுகாதாரத் துறை தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒன்றைக் கல்வித் துறை தெரியாது என்பது நியாயமில்லை.

"சேட்டைக்கு இது ஒரு சாக்கு" என்பார் உண்டு. கண்டிப்பு வேண்டாம் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. விதிகள் சுருக்கமாக, கண்ணில் படும்படி, நாள் தவறாமல் இருப்பது இந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. தண்டனை மூன்று நாள் கழித்து வந்தால் எதற்கென்றே அவனுக்குப் பிடிபடாது. அந்த நிமிடமே கிடைக்கும் சிறு பாராட்டு வேலை செய்யும். இன்னொரு மறுப்பு கனமானது: நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரே ஆசிரியர் என்ன செய்வார்? தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்வது பல ஊர்களில் ஏட்டளவில்தான் இருக்கிறது. ஆசிரியரின் சலிப்பு உண்மையானது. அதற்குப் பொறுப்பு அரசு. 2021-இல் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பதும் இதற்காகத்தான். ஆனாலும் நாளை காலையே தொடங்கக்கூடிய காரியங்களுக்குச் செலவில்லை. முதல் வரிசையில், ஜன்னலுக்கு எதிர்ப்புறம் இடம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாகக் கொடுப்பது. நடுவில் எழுந்து கரும்பலகையைத் துடைக்கவோ நோட்டுகளை அடுக்கவோ விடுவது. அவன் அடங்கினால் மற்ற முப்பத்தொன்பது பேரின் பாடமும் தடைபடாது.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு தலைமையாசிரியர் மாறியதும் மறைந்துவிடும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்தப் பாடவேளை, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன ஆயிற்று. "வியாழன், மூன்றாம் பாடவேளை, பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னதும் எழுந்து ஓடினான்" என்ற ஒரு வரி, "எப்போதும் அடங்க மாட்டான்" என்ற புகாரைவிடப் பயன் தரும். அது திரும்பத் திரும்ப வந்தால், சிக்கல் எழுதுவதில் இருக்கலாம். ஏ.டி.எச்.டி. உள்ள பல பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. கற்றல் குறைபாடு அந்த 21 வகைப் பட்டியலில் உள்ளதால் சான்றிதழுக்கும் தேர்வுச் சலுகைக்கும் வழி திறக்கும். எனவே மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திலோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ இரண்டையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் மாத்திரை எழுதினால் பயந்து ஓடவும் வேண்டாம், மாத்திரையே போதும் என்று பள்ளியை விட்டுவிடவும் வேண்டாம்.

மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பெற்றோரே முக்கால்வாசி இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். பலன் இல்லையென்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதன் மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும். அடி, அவமதிப்பு என்றால் காத்திருக்காமல் 1098-ஐ அழையுங்கள்; பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்தப் பாதுகாப்புகளில் பல 14 வயதோடு நின்றுவிடுகின்றன. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல் முதல் மனுவை இப்போதே எழுதுங்கள்.