விடுமுறையில் விண்வழிப் பாடம்

விடுமுறை என்றதும் கடற்கரையையும் மலைவாசத் தலங்களையும் நாடுவோரே மிகுதி. அமெரிக்காவில் இன்னொரு சாராரும் உண்டு. மருத்துவம், வழக்குரைஞர் பணி, வாணிபம் என ஆண்டு முழுவதும் வேறு தொழில் புரியும் இவர்கள், சொந்த ஆர்வத்தால் சிறு விமானம் ஓட்டக் கற்றவர்கள். விடுப்புக் கிடைத்ததும், பனி மூடிய வட மாநிலங்களிலிருந்து வெயில் காயும் புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் புறப்பட்டு விடுகின்றனர். ஓய்வெடுக்க அல்ல, பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத!

உரிமம் இருந்தும் ஏன் தேர்வு?

அந்நாட்டில் 17 வயது நிரம்பிய ஒருவர், பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்து பயின்று, எழுத்துத் தேர்விலும் பறத்தல் தேர்விலும் தேறினால் தனியார் விமானி உரிமம் பெறலாம். கூலி வாங்காமல் குடும்பத்தாரையும் நண்பர்களையும் ஏற்றிச் செல்லலாம். ஆனால் அந்த உரிமம் எல்லாக் கதவுகளையும் திறந்து விடுவதில்லை. மேகத்துக்குள் நுழைய ஒரு தகுதி, இரண்டு என்ஜின் விமானம் ஓட்ட ஒரு தகுதி, நீரில் இறங்கும் விமானம் ஓட்ட மற்றொரு தகுதி எனத் தனித்தனியே பெற்றாக வேண்டும். இவற்றையே 'ரேட்டிங்' என்பர். உத்தியோகத்தின் இடையே வாரம் ஒரு நாள் பயின்றால் சென்ற வாரப் பாடம் மறந்து போகிறது. இடையறாது சில நாட்கள் பயின்றால் கை பழகுகிறது. ஆகவேதான் விடுமுறையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நீரில் இறங்கும் கலை

இவற்றுள் விரைவில் முடிவது நீர் விமானத் தகுதி. புளோரிடாவின் விண்டர் ஹேவன் நகரிலுள்ள ஜாக் பிரவுன் தளம், இரண்டே நாட்களில் இதனைக் கற்பிப்பதற்குப் பெயர் பெற்றது. ஏற்கெனவே உரிமம் உள்ளவருக்கு மீண்டும் எழுத்துத் தேர்வு கிடையாது. ஆயினும் பாடம் எளிதன்று. நீர் விமானத்தின் மிதவைகளுக்கு பிரேக் இல்லை. என்ஜின் ஓடத் தொடங்கிய கணமே அது நகரத் தொடங்கி விடும். அலை பொங்கும் நீரைவிட, கண்ணாடிபோல் அசைவற்றிருக்கும் நீரே ஆபத்தானது. அதன்மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணால் கணிக்க இயலாது. ஆகவே மூக்கைச் சற்றே உயர்த்தி, சீரான வேகத்தில் மெல்ல இறங்கி, மிதவை நீரைத் தொடும்வரை பொறுமையுடன் காத்திருக்க வேண்டும்.

இரட்டை என்ஜின்

ஓர் என்ஜின் நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று நாம் எண்ணுவோம். பயிற்சி அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. சிறு விமானத்தில் பாதி விசை போனால், மேலேறும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். இடப்புற என்ஜின் நின்றால் மூக்கு இடப்புறமே திரும்பும். வலக்காலால் மிதித்து நேராக்க வேண்டும். எந்த என்ஜின் நின்றது என்பதைப் பதறாமல் உறுதி செய்வதும் இன்றியமையாதது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா விமானத்தின் ஓர் என்ஜின் விசை இழந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றொன்றையே விமானி அணைத்து விட்டார். 58 பேரில் 43 பேர் மாண்டனர். தேர்ந்த தொழில்முறை விமானிக்கே இந்நிலை எனில், பொழுதுபோக்காய்ப் பறப்பவருக்குப் பயிற்சி எவ்வளவு தேவை!

புலன்கள் பொய் சொல்லும்போது

எல்லாவற்றிலும் அரியதும் அவசியமானதும் கருவி கொண்டு பறக்கும் தகுதியே. மேகத்துக்குள் அடிவானம் மறைந்து விடுகிறது. நம் உட்காதில் உள்ள திரவம் நிறைந்த வளைகுழாய்களே உடலின் திருப்பத்தை உணர்த்துபவை. விமானம் ஒரே சீராகத் திரும்பிக் கொண்டேயிருந்தால், சில விநாடிகளில் அத்திரவமும் உடன் சுழன்று, திருப்பமே இல்லை என்ற உணர்வைத் தரும். நேராக்கினாலோ எதிர்ப்புறம் சாய்வதுபோல் தோன்றும். உடலை நம்பினால் விமானம் சுழன்று சுழன்று கீழே பாயும்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவிப் பயிற்சி பெறாத 20 விமானிகளுக்கு வெளிக்காட்சியை மறைத்துப் பரிசோதித்தனர். ஒருவர் தவறாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை!

இதற்கு மருந்து கருவிப் பலகையே. 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில், மூடிய அறைக்குள் அமர்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தைக் கிளப்பி, ஓட்டி, இறக்கிக் காட்டினார். இன்றைய மாணவரும் வெளியே தெரியாதபடி மறைப்பணிந்து அதையே பயில்கிறார். செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி என்று கண்களை இடைவிடாது ஓட்ட வேண்டும். இத்தகுதிக்குப் பொதுவாக 40 மணி நேரக் கருவிப் பறத்தலும், ஊர்விட்டு ஊர் தலைமை விமானியாய்ப் பறந்த 50 மணி நேரமும் தேவை. ஆகவே பத்து நாள் வகுப்புக்கு வருவோர் எழுத்துத் தேர்வை முன்பே முடித்து வருவது வழக்கம். விடியல் முதல் மாலை வரை பறத்தல், இரவில் படிப்பு என அந்த நாட்கள் கழிகின்றன.

பாதியில் நின்ற பாடம்

முன்னாள் அமெரிக்க அதிபரின் மகன் ஜான் கென்னடி, 1999 மார்ச்சில் கருவித் தகுதிக்கான எழுத்துத் தேர்வில் தேறினார். ஏப்ரலில் புளோரிடா சென்று பறத்தல் பயிற்சியில் ஏறத்தாழப் பாதியை முடித்தார். எஞ்சியது எஞ்சியதாகவே நின்றது. அவ்வாண்டு ஜூலை 16 இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து புறப்பட்டார். இருளும் மூட்டமும் சேர்ந்து, கடலுக்கும் வானுக்கும் இடையிலான கோட்டை அழித்து விட்டன. மூவரும் கடலில் மடிந்தனர். இருளில் திசையுணர்வு தடுமாறி விமானம் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று விசாரணை முடிவு கூறிற்று.

பாடம் படிப்பவர் ஒருவரே. ஆனால் பின்னிருக்கையில் நம்பி அமர்பவர்கள் அவருடைய மனைவி மக்கள். அந்த நம்பிக்கைக்குரிய விலைதான் இந்த விடுமுறை நாட்கள்.

சான்று கைக்கு வந்ததுடன் கடமை தீர்வதும் இல்லை. ஆறு மாதங்களுக்குள் ஆறு முறையேனும் கருவி வழியே தரையிறங்கும் முறையைச் செய்து பழகியிருந்தாலன்றி, அத்தகுதியைக் கொண்டு மேகத்துக்குள் பறக்கப் பொதுவாகச் சட்டம் இடம் தராது. தகுதிச் சான்று ஆயுளுக்கும் செல்லும். திறமையோ பழகப் பழகத்தான் நிலைக்கும். விரைவில் கற்றதை விடாது போற்றுபவரே, தம்மை நம்பி ஏறியவர்களைப் பத்திரமாய்த் தரை சேர்ப்பார்.