ஆர்தர் மார்கனுக்கு நான்கு பாட்டுக்கள்

இக்காலத்து யுவர்களிடையே ஒரு விநோதமான பொழுதுபோக்கு பரவியிருக்கிறது. வீடியோ விளையாட்டில் வரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஏற்ற பாட்டு வரிசை ஒன்றைக் கற்பனையில் தயாரிக்கிறார்கள். "இல்லாத மனுஷனுக்கு நடவாத கச்சேரியா?" என்று பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு வரிசையைத் தாமே அமைத்துப் பார்த்தால், அது எவ்வளவு சிரமமான காரியம் என்பது அவர்களுக்கு விளங்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2018 அக்டோபரில் ராக்ஸ்டார் கம்பெனியார் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற விளையாட்டின் கதாநாயகன் ஆர்தர் மார்கன். கதை நடக்கும் காலம் 1899, இடம் அமெரிக்கா. ஆர்தர் சிறு வயதிலிருந்தே டச் வான் டெர் லிண்ட் என்பவனுடைய கொள்ளைக் கூட்டத்தில் வளர்ந்தவன். முரடன், ஆனால் தனியே உட்கார்ந்து தினக்குறிப்பு எழுதுவான், பட்சிகளையும் மிருகங்களையும் அழகாகச் சித்திரம் தீட்டுவான். இப்பேர்ப்பட்டவனுக்கு எந்தப் பாட்டு பொருந்தும்?

முதலில் ஒரு விதி செய்துகொள்வோம். 1899-ல் அவன் காதில் விழுந்திருக்கக்கூடிய பாட்டாகவே அது இருக்கவேண்டும். விளையாட்டை அமைத்தவர்கள் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. அவன் துன்பப்பட்டுத் திரும்பி வரும் நேரத்தில் டி'ஆஞ்சலோ என்ற நம் காலத்துப் பாடகரின் குரலை ஒலிக்கச் செய்தார்கள். அது மிகவும் உருக்கமான இடந்தான். ஆனால் அது நாம் கேட்பதற்காக வைத்த பாட்டு, ஆர்தர் கேட்பதற்கல்ல. இந்த விதிப்படி 'மெம்பிஸ் ப்ளூஸ்' கூடத் தள்ளுபடியாகிவிடும். அது அச்சானது 1912-ல்.

முதற் பாட்டு, 'ஹோம் ஆன் தி ரேஞ்ச்'. கான்ஸாஸ் பிரதேசத்தில் ப்ரூஸ்டர் ஹிக்லி என்ற வைத்தியர் 1870-களில் இயற்றிய கவி அது. மான்கள் துள்ளும் பரந்த புல்வெளியிலே ஒரு வீடு வேண்டும் என்பதே அதன் ஆசை. டச் தன் கூட்டத்தாருக்கு ஓயாமல் காட்டி வந்த கனவும் அதுவே. ஆனால், குடியேறாத எல்லைப் பிரதேசம் என்று சொல்லத்தக்கது இனி இல்லை என 1890-ம் வருஷத்து ஜனக்கணக்கே தெரிவித்துவிட்டது. கனவு முடிந்த பிறகும் அதை நம்பினவர்களுக்கு இந்தப் பாட்டு தகும்.

இரண்டாவது, ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்'. முன்னாள் அடிமை ஒருவரின் புதல்வரான ஜாப்ளின் அமைத்த இந்தப் பியானோ இசை அதே 1899-ல்தான் வெளிவந்தது. நியூ ஆர்லியன்ஸை நினைவூட்டும் ஸான் டெனி நகரத்தின் புகையிலும் கூட்டத்திலும் ஆர்தர் மூச்சுத் திணறும்போது இது ஒலிக்கவேண்டும். அவனுக்கு இது பிடிக்காது. பிடிக்காததனாலேயே இதை வைக்கிறோம். வரப்போகும் நூற்றாண்டின் துள்ளல் இதில் இருக்கிறது. அந்த நூற்றாண்டில் அவனுக்கு இடமில்லை.

மூன்றாவது, ஸ்டீபன் பாஸ்டர் 1854-ல் இயற்றிய 'ஹார்ட் டைம்ஸ் கம் அகெய்ன் நோ மோர்'. சுகமாக வாழ்கிறவர்களைப் பார்த்து, வாசலில் நிற்கும் ஏழையைச் சற்று நினைக்கும்படி வேண்டுகிற பாட்டு அது. அதை எழுதினவரே 1864-ல் வறுமையில் மாண்டார்.

விளையாட்டை இனிமேல் ஆடப்போகிறவர்கள் மன்னிக்கவேண்டும். கதையைச் சொல்லாமல் தீராது. கடன் வசூலிக்கப் போன ஆர்தர், டௌன்ஸ் என்ற நோயாளிக் குடியானவனை அடிக்கிறான். இருமிய டௌன்ஸின் இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. டௌன்ஸ் இறந்துபோகிறான், அவன் மனைவியும் மகனும் தெருவில் நிற்கிறார்கள். பிற்பாடு ஆர்தருக்கும் க்ஷயரோகம் என்று வைத்தியர் சொல்லுகிறார். அதன் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டு வெளியிட்டிருந்தார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைஸின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே 1899-ல் வைத்தியரின் வாக்கு மரண தண்டனைக்குச் சமானம்.

இந்த ஒரு பாட்டை மட்டும் இரண்டு இடங்களில் வைக்கவேண்டும். டௌன்ஸின் வீட்டுக்குக் குதிரையில் போகும்போது ஒரு தடவை. அப்போது அது அவன் காதில் மட்டும் விழும். வைத்தியரிடமிருந்து வெளியே வரும்போது மறு தடவை. அப்போதுதான் அது நெஞ்சில் விழும். ராகம் அதுவே, வார்த்தையும் அதுவே, கேட்கிறவன்தான் வேறு. டௌன்ஸின் விதவைக்குப் பணம் கொடுத்து உதவும் ஆர்தர் அந்த இரண்டாந் தடவைக்குப் பிறகு பிறந்தவன்.

கடைசிப் பாட்டு, ராபர்ட் லௌரி 1864-ல் எழுதிய 'ஷால் வீ கேதர் அட் தி ரிவர்' என்னும் கிறிஸ்தவ கீதம். பிரிந்தவர்கள் நதிக்கரையில் மீண்டும் கூடுவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆர்தர் பக்திமான் அல்ல. ஆனால் ஒரு கன்னியாஸ்திரீயிடம், தனக்குப் பயமாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டவன். நல்வழியில் ஆடினவர்களுக்கு அவன் மலைமேல் சூரியோதயத்தைப் பார்த்தபடி உயிர் விடுகிறான். அங்கே வார்த்தை வேண்டாம். ஹார்மோனிகாவில் மெட்டு மட்டும் போதும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ இப்படி ஒரு வரிசை தயாரித்துக்கொண்டு வந்தால் புறக்கணித்துவிடாதீர்கள். "இந்தப் பாட்டை ஏன் இந்த இடத்தில் வைத்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிறருடைய துக்கத்தை உங்கள் குழந்தை எவ்வளவு தூரம் உணர்ந்திருக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.