சிக்குக்கோலமும் பாசமும்

மார்கழி வைகறையில் இராசபாளையத்தும் திருவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தும் மகளிர் வாயிலில் அரிசிமாவாற் புள்ளியிட்டு, அவற்றைத் தீண்டாமற் கம்பி வளைத்துத் தொடங்கிய இடத்தே கூட்டுவர். புள்ளி உயிர், கம்பி ஆணவம் என்பர் சிலர். சூழ்ந்து நின்றும் உயிர்க்கு இயல்பாகாமை பற்றி அவ்வுவமை இனிதே, ஆயினும் பொருந்தாது. என்னை? ஆணவம் அநாதி, செய்வாரை வேண்டாதது. கம்பியோ மா முதற்காரணமாகவும், விரல் துணைக்காரணமாகவும், வரைவாள் நிமித்தகாரணமாகவும் தோன்றி, மறுநாள் பெருக்க அழிவது. ஆகலின், மாயையிற் றோன்றி ஒடுங்கும் தநு கரண புவன போகங்களையே அது குறிக்கும்.

புள்ளியும் அம்மாவேயாதலின் உயிராகாது. மந்திரச் சக்கரங்களிற்போல விந்து எனக் கொள்க. விந்து சுத்தமாயை; சடம். புள்ளியைச் சிவமென்பார் கூற்றும் இதனான் மறுக்கப்பட்டது.

உயிர் யாண்டுளது எனின், கோலத்தைக் கடந்து இல்லம் புகுவாரை நோக்குக.